சார்ந்த வகையும் தற்சுட்டு வகையும்: எதை எடுப்பது?

கணித நிறுவல்களைச் சரிபார்க்கும் சிறிய நிரல் ஒன்றை நாமே எழுதிப் பார்க்கலாமே என்று உட்காருகிறவருக்கு முதல் வாரத்திலேயே ஒரு கேள்வி வந்து நிற்கும். எண், பட்டியல், மரம் போன்ற தரவுகளை மொழியின் கருவுக்குள்ளேயே (நிறுவல் சரியா என்று தீர்ப்புச் சொல்லும் மையப் பகுதிக்குள்) வைத்துக் கொடுப்பதா, இல்லை, வெறும் செயற்கூறுகளை (ஃபங்ஷன்களை) வைத்தே அவற்றை உருவாக்கிக்கொள்ள வழி செய்வதா? முதல் வழியில் போன மொழிகள் ராக், லீன், அக்டா, இட்ரிஸ் என்று நீளும். (ராக் என்பது பழைய காக்தான், 2025-இல் பெயர் மாறியது.) இரண்டாவது வழியில் போனவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அவர்களில் பலர் கையில் வைத்திருக்கும் சாவி தற்சுட்டு வகை, அதாவது செல்ஃப் டைப். (வகை என்றால், ஒரு மதிப்பு எண்ணா, பட்டியலா, செயற்கூறா என்று சொல்லும் அடையாளம்.)

இந்த விவாதம் எங்கே நடந்தாலும் "தற்சுட்டு வகை நல்லதா, சார்ந்த வகை நல்லதா" என்றுதான் தொடங்குகிறது. மாடிப்படி நல்லதா, வீடு நல்லதா என்று கேட்பது போன்ற கேள்வி அது. சார்ந்த வகைகள் (ஒரு மதிப்பைச் சார்ந்து நிற்கும் வகைகள்) இல்லாத மொழியில் இங்கே பேசப்போகும் தற்சுட்டு வகைக்கு வேலையே கிடையாது. உண்மையான எதிரி வேறு இடத்தில் இருக்கிறது. கருவுக்குள் கட்டித் தரப்படும் தொகுத்தறி வகைகள், அதாவது ஒரு தரவை எந்தெந்த வழியில் உருவாக்கலாம் என்று அறிவிக்கும் இண்டக்டிவ் டைப்புகள், அவைதான் போட்டியில் நிற்பவை. இதைப் பிரித்துப் பார்த்துவிட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

சொற்களைப் பற்றி ஒரு வார்த்தை. டிபென்டன்ட் டைப்பைச் சார்ந்த வகை என்று எழுதுகிறேன். சார்பு வகை என்று எழுதினால், சார்பு என்றாலே ஃபங்ஷன் என்று பள்ளிக் கணிதத்தில் படித்தவர்கள் தடுமாறுவார்கள். தற்சுட்டு என்பது நான் உண்டாக்கிய சொல் இல்லை. ஐகாரக்குறுக்கத்தைச் சொல்லும் நன்னூல் நூற்பா, ஐ என்னும் எழுத்து தன் பெயரைத் தானே சொல்லி நிற்கும் இடத்தைத் தற்சுட்டு என்று குறித்து, அங்கே ஓசை குறுகாது என்று விலக்கு வைக்கிறது. குறுக்கங்களோ சார்பெழுத்துகளைச் சேர்ந்தவை. சார்பும் தற்சுட்டும் இப்படி ஒரே இடத்தில் வந்து உட்கார்ந்திருப்பது எனக்குப் பிடித்த தற்செயல்.

இன்னொரு விலக்கும் சொல்லிவிடுகிறேன். ஸ்காலா மொழியிலும் செல்ஃப் டைப் உண்டு. ட்ரெய்ட் என்ற செயற்கூறுத் தொகுப்பு ஒன்றைச் சேர்த்துக்கொள்கிற எவரும் இன்னொரு ட்ரெய்ட்டையும் சேர்த்தே ஆகவேண்டும் என்று அறிவிக்கும் ஏற்பாடு அது. பெயர்தான் ஒன்று, குடும்பம் வேறு. அதைத் தேடி வந்தவர்களுக்கு இந்தக் கட்டுரையில் ஒன்றும் இல்லை.

சார்ந்த வகை என்ன செய்கிறது என்பதைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். சாதாரண மொழியில் "எண்களின் பட்டியல்" என்பதோடு வகை நின்றுவிடும். சார்ந்த வகையில் "ஐந்து எண்கள் உள்ள பட்டியல்" என்பதே ஒரு வகை. அந்த ஐந்து ஒரு மதிப்பு. வகை அந்த மதிப்பைச் சார்ந்து நிற்கிறது. நீளம் ம உள்ள பட்டியலையும் நீளம் ந உள்ள பட்டியலையும் இணைக்கும் செயற்கூறு, நீளம் ம+ந உள்ள பட்டியலைத் தருவதாகத் தன் வகையிலேயே உறுதி சொல்லலாம். வெற்றுப் பட்டியலின் முதல் உறுப்பைக் கேட்கும் நிரல், இயங்குவதற்கு முன்பே நிரல்பெயர்ப்பியிடம் (கம்பைலரிடம்) மாட்டிக்கொள்ளும். இதன் வேர்கள் 1960களின் இறுதியில் டி புரூய்ன் செய்த ஆட்டோமேத் என்ற நிறுவல் மொழியிலும், 1970களில் பெர் மார்ட்டின்-லோஃப் வகுத்த வகைக் கோட்பாட்டிலும் இருக்கின்றன. கூற்று என்பது வகை, நிறுவல் என்பது அந்த வகையில் ஒரு மதிப்பு. இந்த ஒரு பார்வையில்தான் மொத்தக் கட்டடமும் நிற்கிறது.

சிக்கல் அடுத்த படியில். 1980களின் நடுவில் தியரி கோக்கானும் ஜெரார் ஹுவேயும் கட்டமைப்புகளின் நுண்கணிதம் (கால்குலஸ் ஆஃப் கன்ஸ்ட்ரக்ஷன்ஸ்) என்ற அமைப்பை உருவாக்கினார்கள். அதில் தரவு என்று தனியாக எதுவும் இல்லை, செயற்கூறுகள் மட்டும்தான். எண் வேண்டும் என்றால் தர்க்கவியலாளர் அலோன்சோ சர்ச் காட்டிய வழியில் செய்துகொள்ளலாம். மூன்று என்பது, எந்தச் செயலைக் கொடுத்தாலும் அதை மூன்று தடவை செய்கிற செயற்கூறு. வகையை இப்படி எழுதலாம் (அ → ஆ என்றால் அ-வை வாங்கி ஆ-வைத் தரும் செயற்கூறு):

எண் = ஒவ்வொரு வகை வ-வுக்கும்: வ → (வ → வ) → வ

தொடக்கம் ஒன்றைக் கொடு, படி ஒன்றைக் கொடு, நான் ஏறி வந்து விடை தருகிறேன் என்கிறது இந்த எண். பார்க்க அழகு. பயன்படுத்தப் போனால் மூன்று இடத்தில் கால் தடுக்கும்.

முதலாவது, ஒரு எண்ணிலிருந்து ஒன்றைக் கழிப்பது. சர்ச் எண்ணில் ஏறுவது எளிது, ஒரு படி இறங்குவது பெரும்பாடு. அதற்கான வழி சர்ச்சின் மாணவர் கிளீனிக்குப் பல் மருத்துவரிடம் போயிருந்தபோது தோன்றியது என்பது துறையில் எல்லோரும் சொல்லும் கதை. அந்த வழியிலும் நூறிலிருந்து ஒன்றைக் கழிக்க நூறு படி ஏற வேண்டும். இரண்டாவது, பூஜ்யமும் ஒன்றும் வேறு வேறு என்பதை இந்த அமைப்புக்குள் நிறுவ முடியாது. மூன்றாவதுதான் உயிர்நாடி: கணிதத் தொகுத்தறிதல் கிடைக்காது. பூஜ்யத்துக்கு உண்மை, ம-வுக்கு உண்மையானால் அடுத்ததற்கும் உண்மை, ஆகவே எல்லாவற்றுக்கும் உண்மை என்று பதினொன்றாம் வகுப்பில் எழுதினோமே, அது. இரண்டாம் படிச் சார்ந்த வகைக் கோட்பாட்டில் (வகைகளின் மீதும் "ஒவ்வொரு" என்று சொல்ல இடம் தருவது), எப்படிக் குறியாக்கம் செய்தாலும் தொகுத்தறிதலை வருவிக்க முடியாது என்று 2001-இல் ஹெர்மன் கோய்வர்ஸ் நிறுவினார். அதோடு, புத்திசாலித்தனமான குறியாக்கம் எங்கோ ஒளிந்திருக்கும் என்ற நம்பிக்கை முடிந்தது. அமைப்பையே மாற்ற வேண்டும்.

காக் குழுவினர் அதற்கு முன்பே மாற்றிவிட்டிருந்தார்கள். 1980களின் இறுதியில் கோக்கானும் கிறிஸ்டின் போலான்-மோரிங்கும் தொகுத்தறி வகைகளை அமைப்பின் அடிப்படை விதிகளாகவே சேர்த்தார்கள். "எண் என்பது பூஜ்யம் அல்லது ஓர் எண்ணின் அடுத்தது" என்று அறிவித்தால் போதும். தொகுத்தறிதல் கூடவே வந்துவிடும், கழித்தல் ஒரே படி. இன்று லீனில் கணிதம் எழுதுகிறவர்களும் ராக்கில் நிரல்பெயர்ப்பிகளைச் சரிபார்க்கிறவர்களும் நடப்பது இந்தச் சாலையில்தான்.

தற்சுட்டு வகை இதே பள்ளத்தை வேறு பக்கத்திலிருந்து தாண்டுகிறது. 2014-இல் பெங் ஃபூவும் அயோவா பல்கலைக்கழகத்தின் ஆரன் ஸ்டம்பும் அதை ஒழுங்கான அமைப்பாக முன்வைத்தார்கள். சர்ச்சின் எண் வகையில் குறை என்ன என்று அவர்கள் பார்த்த விதம் எனக்குப் பிடிக்கும். தொகுத்தறிதலைச் சொல்ல வேண்டுமானால் விடையின் வகை "இந்த எண்ணைப் பற்றிய கூற்று" என்று இருக்க வேண்டும். வகையை எழுதுகிற நேரத்தில் அந்த "இந்த எண்" இன்னும் பிறக்கவில்லை. பிறக்காத பிள்ளைக்குப் பெயர் ஏது? தற்சுட்டு வகை அந்தப் பெயரை முன்கூட்டியே தருகிறது. "தான் ந" என்று தொடங்கினால், அந்த வகையில் வரப்போகிற மதிப்பையே ந என்று வகைக்குள் சுட்டலாம்:

எண் = தான் ந. ஒவ்வொரு பண்பு ப-வுக்கும்: ப(0) → (ஒவ்வொரு ம-வுக்கும்: ப(ம) → ப(ம+1)) → ப(ந)

விதிகள் இரண்டே. ந இருக்கும் இடத்தில் ஒரு மதிப்பை வைத்துப் பார்த்து, கிடைக்கும் வகையில் அந்த மதிப்பு பொருந்தினால், அது தற்சுட்டு வகையிலும் பொருந்தும். தற்சுட்டு வகையில் உள்ள மதிப்பை எடுத்தால், ந இருக்கும் இடத்தில் அதையே வைத்த வகையாகவும் அதைப் பயன்படுத்தலாம். மதிப்பில் ஒட்டுவதும் இல்லை, வெட்டுவதும் இல்லை.

பூஜ்யத்தை எடுத்துக் கையால் சோதித்துப் பார்க்கலாம். பூஜ்யம் என்பது பண்பு, தொடக்கம், படி மூன்றையும் வாங்கிக்கொண்டு தொடக்கத்தை அப்படியே திருப்பித் தரும் செயற்கூறு. தொடக்கத்தின் வகை ப(0). ஆகவே விடையின் வகையும் ப(0). மேலே உள்ள வரையறையில் ந இருக்கும் இடத்தில் பூஜ்யத்தை வையுங்கள்: கடைசியில் ப(0) என்றுதான் நிற்கிறது. பொருந்திவிட்டது. அடுத்து என்ற செயற்கூறும் இப்படியே: ம-வை அதே பண்பு, தொடக்கம், படியோடு ஓட்டினால் ப(ம) வரும், அதைப் படியிடம் கொடுத்தால் ப(ம+1). அதுவும் பொருந்துகிறது. தொகுத்தறிதல் என்ற தனி விதி எங்கே போயிற்று? எண்ணுக்குள்ளேயே போய்விட்டது. 7 என்ற எண்ணிடம் ஒரு பண்பையும் தொடக்கத்தையும் படியையும் நீட்டினால், 7-க்கு அந்தப் பண்பு உண்டு என்ற நிறுவலை அந்த எண்ணே கையில் தருகிறது. இதை முதன்முதலில் தாளில் போட்டுப் பார்த்த அன்று நான் வேறு வேலை செய்யவில்லை.

இப்போது விலை. மேலே எழுதிய வரியை இன்னொரு தடவை பாருங்கள். எண் என்பதை வரையறுக்கும் வரிக்குள் பூஜ்யமும் அடுத்தும் வருகின்றன. அவற்றின் வகையோ எண். பண்பு என்பதும் எண்களின் மீதான பண்பு. எல்லாம் எல்லாவற்றையும் பிடித்துக்கொண்டு நிற்கிறது. தன்னைத் தானே சுட்டும் தற்சுழற்சி வரையறைகளை அனுமதிக்காத அமைப்பில் இதை எழுதவே முடியாது. அனுமதித்தால் தொல்லை வாசலில் நிற்கும்.

அந்தத் தொல்லையை நான் நேரில் பார்த்தேன். நான் எழுதிய சரிபார்ப்பியிடம் "பூஜ்யம் எண் வகையா?" என்ற ஒரே கேள்வியைக் கேட்டுவிட்டுக் காத்திருந்தேன். எண்ணை விரித்தது. உள்ளே பண்பின் வகையில் மறுபடி எண் இருந்தது. அதை ஒப்பிடுவதற்காக இரண்டு பக்கமும் விரித்தது. அதற்குள்ளும் எண். மடிக்கணினியின் விசிறி இரைச்சல் போட, நினைவகம் நிரம்பி நிரல் செத்தது. மருந்து இரண்டு வரிதான்: விரிப்பதற்கு முன் பெயர்கள் ஒன்றா என்று பார், ஏற்கெனவே ஒப்பிட்டுக்கொண்டிருக்கும் இணை மறுபடி வந்தால் சமம் என்று எடுத்துக்கொண்டு நகர். நிரல் உடனே ஓடிற்று. அந்த இரண்டாவது வரி தர்க்கரீதியாகச் சரியா என்று எனக்கு நானே விளக்கிக்கொள்ளத்தான் மூன்று வாரம் ஆனது.

நிரல் தொங்குவது சின்னத் தொல்லை. பெரிய தொல்லை வேறு. தற்சுழற்சியைக் கட்டுப்பாடில்லாமல் விட்டால் அ = அ → பொய் என்றும் ஒரு வகையை எழுதலாம். அ வகையில் ஒன்று கிடைத்தால் அதை அதற்கே கொடுக்கலாம், விடை பொய். இப்படித் தன்னைத் தனக்கே கொடுக்கும் செயற்கூறின் வகை அ → பொய், அதாவது அ. ஆகவே அந்தச் செயற்கூறையே அதற்குக் கொடுத்தால், பொய்க்கு நிறுவல் கிடைத்துவிட்டது. பொய்யை நிறுவ முடிந்த அமைப்பில் எதையும் நிறுவலாம். அங்கே நிறுவலுக்குக் காசு பெறுமானம் இல்லை. ஃபூவும் ஸ்டம்பும் இதனால்தான் தற்சுழற்சிக்குக் கட்டுப்பாடு வைத்தார்கள். தங்கள் அமைப்பில் வகைகள் மதிப்புகளைச் சார்ந்திருப்பதை எல்லாம் அழித்துவிட்டு, மீதியை நேர்முகத் தற்சுழற்சி (மேலே அ வந்தது போலத் தன் பெயர் உள்ளீட்டுப் பக்கத்தில் வராத தற்சுழற்சி) மட்டும் கொண்ட எளிய அமைப்பாக மாற்றி, அங்கே எல்லாக் கணக்கீடும் முடிவுறும் என்று காட்டினார்கள். மேலே எழுதிய எண் வகையை அப்படி அழித்துப் பார்த்தால், பழைய சர்ச் எண் வகை அப்படியே வெளியே வருகிறது.

கருவுக்குள் தொகுத்தறி வகை வைத்தவர்களுக்கு இந்தத் தலைவலி இல்லையா? உண்டு, வேறு இடத்தில் வலிக்கிறது. தன்னைத் தவறான பக்கத்தில் சுட்டும் அறிவிப்புகளைத் தடுக்கும் சோதனை கருவில் வேண்டும். ராக்கில் தற்சுழற்சிச் செயற்கூறு நிற்கிறதா என்று பார்க்கும் காவல் விதியும் வேண்டும். அந்தக் காவல் விதி எளிய விதி இல்லை. 2013 டிசம்பரில், ஒன்றையொன்று உணர்த்தும் இரண்டு கூற்றுகள் சமம் என்ற, எல்லோரும் ஆபத்தில்லாதது என்று நினைத்திருந்த எடுகோளைச் சேர்த்தால், அந்தக் காவலைத் தாண்டிப் பொய்யை நிறுவலாம் என்று கண்டுபிடிக்கப்பட்டது. பிறகு விதி இறுக்கப்பட்டது. லீன் இந்தக் காவல் வேலையைக் கருவுக்கு வெளியே தள்ளிவிட்டுக் கருவில் மீள்விகளை (ஒவ்வொரு தொகுத்தறி வகையோடும் வரும் தொகுத்தறிதல் விதிகளை) மட்டும் வைத்திருக்கிறது. நல்ல முடிவு என்பது என் எண்ணம். அப்படியும் தொகுத்தறி வகைகளைக் கையாளும் பகுதிதான் எந்தக் கருவிலும் சதைப்பிடிப்பான பகுதி. தற்சுட்டு வகையின் கரு அதற்கு எதிரில் எலும்பும் தோலுமாக நிற்கும். சரிபார்ப்பியையே படித்துச் சரிபார்க்க வேண்டும் என்கிறவருக்கு அது பெரிய கவர்ச்சி.

தற்சுட்டு வகை தெளிவாக முந்தும் இடம் ஒன்று உண்டு. முழு எண்களை வரவு, கடன் என்ற இணையாக வைத்துக்கொள்வோம். வரவு 2, கடன் 5 என்பதும் வரவு 0, கடன் 3 என்பதும் ஒரே கணக்கு. தொகுத்தறி வகையில், மதிப்பை உருவாக்கித் தரும் ஆக்கி என்பது வெறும் முத்திரை. கொடுத்ததை அப்படியே மூட்டை கட்டும், உள்ளே கணக்குப் போடாது. இரண்டு மூட்டைகளும் வேறு வேறாகவே இருக்கும். சமம் என்பதைத் தனியாக அறிவித்து, ஒவ்வொரு செயற்கூறும் அதை மதிக்கிறதா என்று தனியாக நிறுவிக்கொண்டிருக்க வேண்டும். தற்சுட்டு வகையில் ஆக்கியும் சாதாரணச் செயற்கூறுதான். இரண்டு பக்கமும் ஒவ்வொன்றாகக் குறைத்துக்கொண்டே போய், ஒரு பக்கம் பூஜ்யமானதும் நிறுத்து என்று அதற்குள்ளேயே எழுதிவிடலாம். (2, 5) என்று எழுதிய மறுகணம் அது (0, 3) ஆகிவிடும். கேட்பதற்குச் சின்ன விஷயம். சமத்தை நிறுவியே வாழ்நாளைக் கழித்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

தோற்கும் இடம், மதிப்பைப் பார்த்து வகையையே கணக்கிட வேண்டிய இடம். தொகுத்தறி வகையில், பூஜ்யத்துக்கு உண்மை, மற்றவற்றுக்குப் பொய் என்று ஒரு பண்பைக் கணக்கிட்டு, பூஜ்யமும் ஒன்றும் வேறு என்பதை இரண்டு வரியில் நிறுவிவிடுவார்கள். தற்சுட்டு எண் ஒரு பண்புக்கான நிறுவலைத் தரும். ஒரு வகையையே விடையாகத் தரவேண்டும் என்றால் கையை விரித்துவிடும். ஃபூவும் ஸ்டம்பும் இதைச் சுற்றுவழியில் கடந்தார்கள்: முரண்பாடு என்பதற்கு "எந்த வகையிலும் எந்த இரண்டு மதிப்பும் சமம்" என்று பொருள் கொண்டார்கள். வேலை நடக்கிறது. ஆனால் ராக்கில் பழகிய கைக்கு இது இடது கையால் எழுதுவது போலத்தான் இருக்கும்.

ஸ்டம்பே பிறகு தற்சுட்டு வகையை விட்டு நகர்ந்தார் என்பதைச் சொல்லாமல் போவது நியாயமாகாது. அவர் குழு செய்த செடில் என்ற மொழி, 2003-இல் கோபிலோவ் கொண்டுவந்த சார்ந்த வெட்டு வகையைப் பிடித்துக்கொண்டது. ஒரே மதிப்பு இரண்டு வகைகளில் இருக்கலாம், இரண்டாவது வகை அந்த மதிப்பையே சுட்டலாம் என்பது அதன் சாரம். முதல் வகையாகச் சர்ச் எண்ணை வைத்து, இரண்டாவதாக "இதற்குத் தொகுத்தறிதல் பொருந்தும்" என்ற கூற்றை வைத்தால் முடிந்தது. வரையறை வட்டமடிப்பதில்லை, தற்சுழற்சியும் வேண்டியதில்லை. தர்க்கம் பொய்க்காது என்ற உறுதியோடு எலும்பும் தோலுமான கரு வேண்டும் என்றால், இன்று நான் முதலில் காட்டும் கதவு இதுதான். கொஞ்சம் வறண்ட கதவு, ஒப்புக்கொள்கிறேன்.

எதிர்த்திசையில் போனது கைண்ட் என்ற மொழி. பிரேசிலைச் சேர்ந்த விக்டர் மாயாவின் முயற்சி. முதலில் ஃபார்மாலிட்டி என்ற பெயரில் இருந்தது. அது தற்சுட்டு வகையை அப்படியே எடுத்துக்கொண்டு கட்டுப்பாடுகளைத் தளர்த்தியது. எல்லா வகைகளுக்கும் வகை என்ற ஒன்று அதில் உண்டு. அதற்கு வகையும் அதுவே. இதனால் தர்க்கம் இடியும் என்று தர்க்கவியலாளர் ஜிரார் 1972-இலேயே காட்டிவிட்டார். கைண்டுக்கு அது தெரியாமல் இல்லை. வகைகள் உதவும் நிரல்மொழி வேண்டும், கணித நிறுவலுக்கான நீதிமன்றம் வேண்டாம் என்கிறவருக்கு இந்தப் பேரம் கட்டுப்படியாகும். வகையையே விடையாகக் கணக்கிடும் சிக்கலும் அங்கே கரைந்துபோகிறது, விலை கொடுத்துத்தான்.

ஆகவே என்னிடம் கேட்கிறவர்களுக்கு நான் முதலில் கேட்கும் கேள்வி, உங்கள் நிறுவலை யார் நம்ப வேண்டும் என்பது. ஊர் நம்ப வேண்டும் என்றால், ஆய்வுக் கட்டுரையோ ஒருவரின் பணமோ உயிரோ அதைச் சார்ந்திருந்தால், பேச்சே வேண்டாம், லீன் அல்லது ராக். நூலகம் இருக்கிறது, பிழைச் செய்தி மனிதர் படிக்கும்படி இருக்கிறது, இடறினால் கேட்க ஆள் இருக்கிறது. தற்சுட்டு வகை மொழியில் சிறு பிழை செய்தாலும், விரித்துப் போட்ட செயற்கூறு வகை ஒன்று திரை முழுக்க வந்து நிற்கும். அதில் உங்கள் எண் எங்கே என்று நீங்களே தேடவேண்டும். நீங்கள் மட்டும் நம்பினால் போதும், தொகுத்தறிதல் எங்கிருந்து வருகிறது என்று விதியின் அடிவரை போய்ப் பார்க்க வேண்டும் என்றால், தற்சுட்டு வகையோடு ஒரு மாதம் செலவழியுங்கள். நேர்முகக் கட்டுப்பாட்டை முதல் நாளே போடுங்கள். பிறகு போடலாம் என்று விட்டால் எழுதிய பாதியை அழிக்க நேரும்.

என் சரிபார்ப்பியில் இன்றும் தற்சுட்டு வகைதான் இருக்கிறது. மூன்று பட்டியல்களை எந்தப் பக்கமிருந்து இணைத்தாலும் விடை ஒன்றே என்ற நிறுவலைப் போன வாரம் அதில் எழுதினேன். லீனில் ஒரு வரியில் முடிகிற அது என்னுடையதில் ஒரு முழுப் பக்கம் வந்தது. அலுவலக வேலைக்கு லீனைத்தான் திறக்கிறேன். அந்தப் பக்கத்தை மட்டும் அச்செடுத்து மேசை இழுப்பறையில் வைத்திருக்கிறேன்.